மார்க்கை மட்டம் தட்டியவர்கள்

போன மாதம் ஷைனி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; எங்கள் கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். பக்கத்து மேஜையில் இருந்து என்னிடம் வேலை பழகியவள். நல்ல பெண். அன்றைக்கு அவள் குரலில் ஒரே சந்தோஷம்.

“மேடம், இனி சீசன் வந்தா தலைவேதனை இல்ல கேட்டோ. புது சாப்ட்வேர் வந்தாச்சு. அப்ளிகேஷன் உள்ள வந்த உடனே ஒவ்வொரு செக்‌ஷன் மார்க்கையும் அதுவே பாத்துக்கும். ஏதாவது ஒண்ணு கட்-ஆஃபுக்குக் கீழ இருந்தா அப்பவே ‘வருந்துகிறோம்’னு அவங்களுக்கு மெயில் போயிடும். நம்ம யாரும் பாக்கவே வேண்டாம்.”

“யாருமே பாக்க வேண்டாமா?”

“வேண்டாம் மேடம். எவ்வளவு சுகம்.”

பிறகு விஷயத்துக்கு வந்தாள். கல்லூரி ஆண்டு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ‘அட்மிஷன் நாட்களின் இனிய நினைவுகள்’ என்று தலைப்பு கூட வைத்துவிட்டார்களாம். இனிய நினைவு வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். மலருக்கு அல்ல. மலருக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் நான் மரியாதைக்காரியாகிவிடுவேன். இதில் வரும் பலர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசியவர்கள். அவர்கள் பேச்சை எனக்குக் கேட்ட தமிழில் தருகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளம் பேசும் கரமனைக்கு வந்தேன். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். டைப்பிஸ்டாக அந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது அது ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. பிறகு பைபாஸ் பக்கம் குன்றின்மேல் சொந்தக் கட்டடம் வந்தது, ஆடிட்டோரியம் வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது. நானும் டைப்பிஸ்ட், கிளார்க், சூப்பிரண்ட் என்று ஏறி, அட்மிஷன் அதிகாரி என்ற பலகை வைத்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன். என் முப்பது வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எம்.பி.ஏ. படிக்க வருகிறவர்கள் ஒரு நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வருவார்கள். அதில் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்வது ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாச் சண்டையும். அலுவலகத்தில் வெர்பல், குவான்ட் என்போம். வருவது மார்க் என்று பேசிக்கொண்டாலும் அது மார்க் அல்ல. தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்ற எண்.

ஆரம்ப வருடங்களில் நாங்கள் மொத்த மார்க்கை மட்டும் பார்த்தோம். ஒருவனுக்கு ஒரு பகுதியில் மட்டும் குறைந்திருந்தால், இன்டர்வியூவில் ஏனப்பா என்று கேட்பார்கள். காய்ச்சல் என்பான். கணக்கை விட்டு ஆறு வருடம் ஆயிற்று என்பாள். கேட்டுவிட்டு முடிவு செய்வார்கள். அந்தக் கேள்விதான் முக்கியம். பிறகு புது டீன் வந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கட்-ஆஃப் வந்தது. கேள்வி போயிற்று.

டீனைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்ல எனக்கு வழியில்லை. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் அறைக்குள் போனால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருப்பார். காப்பி கொண்டுவரும் ஆளையும் சார் என்றுதான் கூப்பிடுவார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: “நோக்காம்.” பார்க்கலாம் என்று அர்த்தம். மற்றவர்கள் சொன்னால்தான் அந்த அர்த்தம். அவர் சொன்னால் முடியாது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. முகம் சுளித்து இல்லை என்கிறவரிடம் வாதாடலாம். சிரித்துக்கொண்டே நோக்காம் என்கிறவரிடம் என்ன செய்ய?

அவர் விண்ணப்பம் பார்க்கும் முறையை நான் பக்கத்தில் நின்று பல வருடம் பார்த்திருக்கிறேன். என்னிடமிருந்து விண்ணப்பத்தை வாங்குவார். ஓரத்தில் பென்சிலால் இரண்டு தூண் வரைவார். ஒன்று வெர்பல் உயரம், ஒன்று குவான்ட் உயரம். அளந்து வரைவதில்லை, ஆனால் கை பழகிப்போய்ச் சரியாக வரும். அப்புறம் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து இரண்டு தூணின் தலையிலும் பொருந்தும்படி வைப்பார். ஸ்கேல் கிட்டத்தட்டப் படுக்கையாக நின்றால் விண்ணப்பம் வலது பக்கம் போகும். சாய்ந்து நின்றால் இடது பக்கம். “மேனேஜர்னா பேலன்ஸ் வேணும் சிவகாமி மேடம்,” என்பார். கொத்தனார் மட்டம் பார்ப்பதைப் போலவே இருக்கும். பெயரை அவர் படிப்பது அதற்குப் பிறகுதான்.

இடது பக்கம் போனவர்களுக்கு ஒரு சந்து வைத்திருந்தார்கள். ஒரு பகுதியில் மிகச் சிறந்து, இன்னொன்றில் சற்றே குறைந்தவர்களைக் குழு விரும்பினால் தளர்வு கொடுத்து எடுக்கலாம் என்று விதியில் ஒரு வரி. அதனால் இடது பக்கம் போனவர்களில் மொத்த மார்க் நன்றாக இருப்பவர்களையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவோம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கே வராத பிள்ளைகள் முதல் டெர்மில் புள்ளியியல் பேப்பரில் தோற்று அழுதுகொண்டு என் மேஜைக்கு வந்ததுண்டு. கட்-ஆஃபே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஸ்கேலை யாருக்கு வைத்தார்கள், யாருக்கு எடுத்து மேஜைக்குள் போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு வருடம் ஒரு பையன் வந்தான். அப்பா பெரிய கட்டட முதலாளி. எங்கள் ஆடிட்டோரியத்தைக் கட்டியவர். பையனுக்குக் குவான்ட் தொண்ணூற்றொன்பது, வெர்பல் ஐம்பத்தெட்டு. கட்-ஆஃப் இரண்டுக்கும் எழுபது. ஸ்கேல் வைத்தால் சறுக்குமரம் போல நிற்கும். டீன் அன்றைக்கு ஸ்கேலையே எடுக்கவில்லை.

இன்டர்வியூவில் நானும் அறையில் இருந்தேன். சர்டிபிகேட் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. என்ன புத்தகம் படிப்பாய் என்று கேட்டார்கள். “படிக்கிற பழக்கம் இல்லை சார்,” என்றான் பையன், நல்ல பள்ளிக்கூட ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் போன பிறகு ஃபைனான்ஸ் பேராசிரியர், “ஒரு பக்கம் மூளைக்காரன். இப்படி ஆட்கள்தான் பெரிய ஆளா வருவாங்க,” என்றார். மொழிதானே, இங்கே வந்து பழகிக்கொள்வான் என்றார் டீன். தளர்வு கொடுத்தார்கள். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படித்த இரண்டு வருடமும் எங்கே பார்த்தாலும் ஆன்ட்டி என்று நின்று பேசிவிட்டுத்தான் போவான்.

அதற்கு அடுத்த வருடம்தான் பேச்சியம்மாள் வந்தாள்.

வெர்பல் தொண்ணூற்றெட்டு. குவான்ட் அறுபத்தொன்று. டீன் தூண் வரைந்தார், ஸ்கேல் வைத்தார், இடது பக்கம் போட்டார். மொத்த மார்க் நன்றாக இருந்ததால் கூப்பிட்டோம். வயது இருபத்தேழு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்து சாலைக் கம்போளச் சந்தைக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார்கள். மலையாள மீடியம் அரசுப் பள்ளி, பிறகு பி.ஏ. வரலாறு. அப்பா பெயருக்குப் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், பரோட்டா மாஸ்டர் என்று எழுதியிருந்தாள். கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டல். பலர் அந்த இடத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவள் எழுதவில்லை.

வரிசையில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிடப் போனேன். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“பேச்சியம்மாள்தானே? வா மக்களே. பேடிக்காண்டாம், பயப்படாத.”

தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். “மேடம் தமிழா? எனக்கு இங்கிலீஷ் பேச வராது மேடம். பேசுனா நின்னு நின்னுதான் வரும். மலையாளத்துல சொல்லலாமா?”

“கேட்டுப் பாரு. தெரிஞ்சத நிதானமாச் சொல்லு, போதும்.”

உள்ளே மூன்று பேர். டீன், ஃபைனான்ஸ் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த ஒரு கம்பெனி அதிகாரி. அந்த அதிகாரி முதலில் பெயரைத்தான் பிடித்தார். உடைத்து உடைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு அர்த்தம் கேட்டார். குலதெய்வம் பெயர் என்றாள். அவருக்கு அது போதவில்லை. சிரித்தார். அப்புறம் விண்ணப்பத்தைக் கீழே ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அது அப்பாவின் தொழிலை எழுதிய இடம். நான் பின்னால் நின்றிருந்தேன்.

“வெர்பல் தொண்ணூற்றெட்டு. இந்த இங்கிலீஷ் உனக்கு எங்கிருந்து வந்தது?”

அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். வார்த்தை வார்த்தையாக, இடையில் நீளமாக நின்று. “நான் கேட்கிறேன் சார். ஐந்து வருடமாகக் கேட்கிறேன்.”

“எதை?”

“டாக்டர்களை.”

அதிகாரி மற்ற இருவரையும் பார்த்தார். அவள் மலையாளத்துக்கு மாறி விளக்கினாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கித் தரும் நிறுவனத்தில் அவள் வேலை. சில டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், சிலர் கார் ஓட்டிக்கொண்டே. சிலர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு இடையில் வேறு நோயாளியிடம் போய்விட்டுத் திரும்புவார்கள். “பதினஞ்சு மில்லிகிராம்னு அவர் சொன்னத அம்பதுன்னு நான் அடிச்சா ஒரு ஆள் செத்துப்போவும் சார். அதனால என்ன சொல்லுதாங்கன்னு முழுசா மனசிலாகாம நான் கைய வைக்க மாட்டேன். படிக்கும்போதும் அப்படித்தான். பேச மட்டும் ஆள் இல்ல. ஹெட்போன்ல நாம பேச முடியாதுல்லா.”

எனக்கு அது முழுக்கப் புரிந்தது. கேட்டுப் பழகிய மொழி, வாயில் பழகாத மொழி. கரமனைக்கு வந்த புதிதில் எனக்கு மலையாளம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

கதவு சாத்தியதும் அதிகாரி சொன்னார்: “இது வேற ஆள் எழுதின பேப்பர். இந்த மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இங்க நேர் தலைகீழா இருக்கு. வாயத் திறந்தா ஒரு வாக்கியம் வரல.”

“வேற ஆள் எழுதியிருந்தா கணக்கையும் சேர்த்து எழுதியிருக்க மாட்டானா சார்?” என்று நான் கேட்டேன். அந்த அறையில் நான் பேசுவது வழக்கமில்லை. ஆனால் அவளுடைய போட்டோ, விரல் ரேகை, கையெழுத்து எல்லாம் சரிபார்த்து உள்ளே அனுப்பியவள் நான். ஆள்மாறாட்டம் என்றால் அது என் வேலையின்மேலும் விழும் பழி.

டீன் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். “தேர்வு நடத்தறவங்களுக்கு எழுதிப் போட்டுடலாம். அவங்க விசாரிக்கட்டும். நோக்காம்.”

எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த மூவருக்கும் தெரியும். விசாரணை முடிகிறவரை மார்க் முடக்கப்படும். அந்த வருடம் எந்தக் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைக்காது. அப்புறம் குற்றமில்லை என்று தெரிந்தாலும் அந்தப் பெயர் போகுமா?

“சார், மேஜைமேல பேப்பர் இருக்கு,” என்றேன். அன்றைய ஆங்கிலத் தினசரி. “இதில ஒரு கட்டுரைய நீங்களே எடுத்துக் கொடுங்க. என் அறையில உட்கார்ந்து சுருக்கி எழுதட்டும். எழுதிட்டா அவளோடது, எழுதலன்னா நீங்க புகார் எழுதுங்க.”

ஃபைனான்ஸ் பேராசிரியர்தான் அரை மனதாகச் சம்மதித்தார். அதிகாரி பேப்பரைப் புரட்டி, உள்ளதிலேயே நெடிய கட்டுரையாக ஒன்றைத் தேடி எடுத்தார். ஏதோ வட்டி விகிதம் பற்றியது.

என் அறைக்கு அவளைக் கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னேன். எதற்காக என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள்.

“எல்லாருக்கும் இது உண்டா மேடம்?”

“இல்ல மக்களே. உனக்கு மட்டும்தான்.”

கொஞ்ச நேரம் கட்டுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “டைப் பண்ணலாமா மேடம்? கையால எழுதி வருஷமாச்சு. பேனா பிடிச்சா எழுத்து கோழி கிளறுனது மாதிரி இருக்கும்,” என்றாள். போய் டீனிடம் கேட்டேன். இன்டர்நெட் இருக்குமே என்றார். என் கம்ப்யூட்டரின் இன்டர்நெட் வயரைப் பிடுங்கி அவர் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினாள்.

நான் வராந்தாவுக்கு வந்தபோது அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். சட்டை வெளுப்பாக இருந்தது; கையில் மட்டும் எண்ணெய்ச் சூடு பட்ட தழும்புகள்.

“யம்மா, மத்த பிள்ளையளு எல்லாம் போன வேகத்துல வருதுவ. எம்பிள்ளய மட்டும் இவ்வளவு நேரமா வச்சுக் கேக்காவளே. அப்ப பிடிச்சுப்போச்சுன்னுதானே அர்த்தம்?”

“நல்லாப் பண்ணுதா அண்ணாச்சி,” என்றேன். அது பொய்யல்ல.

அவள் அடித்த பக்கத்தை மூவரிடமும் கொடுத்தேன். அதிகாரி பாதியில் கீழே வைத்தார். ஃபைனான்ஸ் பேராசிரியர் இரண்டு முறை படித்தார். “இது அவளோடதுதான். சந்தேகமில்ல,” என்றார். அவர் நேர்மையாகத்தான் சொன்னார்.

எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டீன் மென்மையாகத் தலையாட்டினார். “நல்லது. அப்போ வெர்பல் உண்மை. அப்போ குவான்ட்டும் உண்மை.” விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். “கட்-ஆஃபுக்குக் கீழ இருக்கே மேடம்.”

மார்க் கூடுதலாக இருந்ததற்காக ஒரு பெண்ணைத் திருடியாக்கிப் பார்த்தார்கள். திருடி இல்லை என்று தெரிந்தவுடன், ஒரு மன்னிப்புக் கூடக் கேட்காமல், குறைந்த மார்க்கைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் என் உடம்பு எரிகிறது. அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டு, நன்றி, முடிவை அறிவிப்போம் என்று டீன் எழுந்து நின்று சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் தேர்வுக் குழு கூடியது. அதில் நான் உறுப்பினர் அல்ல. பெயரைப் படிப்பேன், முடிவை எழுதிக்கொள்வேன். பேச்சியம்மாள் பெயர் வந்ததும் படித்துவிட்டுச் சொன்னேன்:

“சார், தளர்வு விதியில் வரும் கேஸ். போன வருஷம் வெர்பல் ஐம்பத்தெட்டுக்குக் கொடுத்தோம். இது அறுபத்தொன்று.”

“அது வேற கேஸ்,” என்றார் டீன்.

“எப்படி வேற சார்?”

ஃபைனான்ஸ் பேராசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “குவான்ட் அடிப்படை மேடம். மொழி பிறகு வந்துடும்,” என்றார்.

“மொழி பிறகு வரும்னா கணக்கு பிறகு வராதா சார்? அந்தப் பிள்ள வெள்ளைக்காரன் முணுமுணுக்கிறதக் கேட்டு அஞ்சு வருஷமா பிழையில்லாம எழுதுது. அதுக்கு விழுக்காடு கணக்கா வராது?”

டீன் சிரித்தார். “சிவகாமி மேடம் இன்னைக்கு நல்ல சூட்டிலாணு.” எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சூட்டில் இருக்கிறேனாம்; என் கோபத்தை அவர் வேடிக்கையாக்கிவிட்டார். “வெயிட்டிங் லிஸ்ட்டில் வைக்கலாம். நோக்காம்.”

காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

ஜூன் மாதத்தில் பெரிய கல்லூரிகள் இடம் கொடுக்கும்போது எங்களிடம் சேர்ந்தவர்கள் சிலர் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருடம் வழக்கத்தைவிட அதிகம் பேர் போனார்கள். பட்டியல் இறங்கி இறங்கி அவள்வரை வந்தது. டீனிடம் போய் நின்றேன். மறுக்க வழியில்லை, இடம் காலியாகக் கிடந்தது. ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். ‘என் வெர்பல் மார்க் மறுபரிசீலனைக்கு உட்பட்டது, படிக்கும் காலத்தில் எப்போது சந்தேகம் எழுந்தாலும் கல்லூரி என்னை நீக்கலாம்’ என்று அவள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

“சார், அவளோடதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே.”

“ஒரு பாதுகாப்புக்குத்தானே மேடம்.”

“போன வருஷம் யாரும் இப்படி எழுதித் தரலையே.”

“நோக்காம்,” என்றார். 

போன் செய்தேன். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். சீட் இருக்கிறது என்றதும், “அப்பா,” என்று உள்ளே கூப்பிடும் சத்தம் கேட்டது. அதற்குள் நான் அந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். மறைத்து வைத்துச் சேரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 

வெர்பல் மார்க் என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“கணக்கு மார்க்குக்கும் இப்படி எழுதித் தரணுமா மேடம்?”

“இல்ல.”

“அது மட்டும் என்னோடதுன்னு சந்தேகமே இல்லாம ஒத்துக்கிட்டாங்க, அல்லே?”

ஆமாம் மக்களே என்றேன். “வேண்டாம் மேடம்,” என்றாள். “ரெண்டு வருஷம் அந்தத் தாள் அவங்க கையில இருக்கும். நான் கை தூக்கி ஒரு கேள்வி கேக்கணும்னாலும் அத நினச்சுட்டுத்தான் தூக்கணும். மேடம் எனக்காகப் பேசினீங்க, அது போதும்.”

டீனிடம் போய்ச் சொன்னேன். “கஷ்டமாயிப் போச்சு. நல்ல வாய்ப்பு,” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். தான் ஏதும் செய்ததாக அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. அந்த இடம் அந்த வருடம் காலியாகவே போயிற்று. ஒரு நாற்காலியைச் சும்மா போட்டு வைத்தார்கள். அவளை அவள் மார்க்கோடு உட்கார வைக்க மட்டும் முடியவில்லை.

அடுத்த அட்மிஷன் தொடங்கும் முன் என்னை ஹாஸ்டல் பிரிவுக்கு மாற்றினார்கள். அனுபவசாலி அங்கே தேவைப்படுகிறாராம். ஓய்வு பெறும்வரை மெஸ் பில்லும் தண்ணீர் டேங்கும் பார்த்தேன். அதைப் பற்றிப் புலம்ப நான் இதை எழுதவில்லை.

ஹாஸ்டலில் இருந்தபோதுதான் பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தாள். மறுபடி தேர்வு எழுதியிருக்கிறாள். ஒரு டியூஷன் மாஸ்டரிடம் கணக்கு படித்திருக்கிறாள். வடக்கே, கோழிக்கோடு பக்கம், ஒரு கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் முதலில் சொல்கிறாளாம். அப்பா ஹோட்டலில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாராம்.

“இன்டர்வியூவில ஏதாவது கேட்டாங்களா?”

“சாதாரணமாத்தான் மேடம். ஒண்ணும் சந்தேகப்படல. ரெண்டும் இப்ப ஒரே மட்டம்லா. குவான்ட் எண்பத்திரெண்டு, வெர்பல் எண்பத்தஞ்சு.”

“வெர்பல் ஏன் மக்களே குறைஞ்சுது? பேப்பர் கஷ்டமா?”

“இல்ல மேடம். ஈசிதான். கடைசிப் பத்தி ரெண்டையும் தொடாம விட்டுட்டேன்.”

“நேரம் பத்தலையா?”

“நேரம் இருந்துச்சு. படிச்சுப் பாத்தேன். பதிலும் தெரியும். போன தடவ மாதிரி கூடிப்போச்சுன்னா திருப்பியும் யாராவது ஒரு ரூமுல உக்கார வச்சு... எதுக்கு மேடம்? இப்ப செரியாப் போச்சுல்லா.”

வாழ்த்துச் சொன்னேன். நன்றாகப் படி என்று சொன்னேன். அவள் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு என்ன உரிமை? ஆனால் போனை வைத்துவிட்டு, ஹாஸ்டல் ஆபீஸில் யாரும் இல்லாத நேரத்தில், மேஜையில் ஓங்கி ஓர் அறை அறைந்தேன். தெரிந்த பதிலைத் தெரியாததுபோல விட்டுவிட்டு எழுந்து வரும் வித்தையை அவளுக்கு அரசுப் பள்ளி சொல்லித் தரவில்லை, பரோட்டா போடும் அப்பா சொல்லித் தரவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பில்கூட உட்காராதவள் எங்களிடம் படித்துக்கொண்டு போனது அந்த ஒன்றைத்தான்.